பிரெஞ்சுப் பட்டத்தின் எடை

தமிழ்நாட்டில் பிரெஞ்சு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பால்சாக்கும் இல்லை, பாரிஸும் இல்லை. மார்க்தான். மேல்நிலை வகுப்பில் மொழிப்பாடமாக பிரெஞ்சை எடுத்தால் சென்டம் தட்டலாம் என்ற கணக்கு நம் வீடுகளில் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கிய பிறகும், பிளஸ் ஒன் சேரும் நாளில் அந்தக் கணக்கு மறுபடி உயிர்பெறும். கல்லூரிக்குப் போனால் அதுவே ‘பார்ட் ஒன்’ பிரெஞ்சாகத் தொடரும். பிறகு புத்தகங்கள் பரணுக்குப் போகும். இரண்டு ஆண்டு பிரெஞ்சு படித்தவரிடம் ஒரு காபி கேட்கச் சொன்னால் திணறுவார் என்பது ஊரறிந்த விஷயம். அதில் யாருக்கும் வெட்கமில்லை, ஏனென்றால் காபி கேட்பதற்காக யாரும் அதைப் படிக்கவில்லை.

இங்கே எடைபோட எடுத்துக்கொள்வது அந்த மார்க் பிரெஞ்சை இல்லை. பிரெஞ்சையே முதன்மைப் பாடமாக எடுத்து இளங்கலை, முதுகலை என்று போகிறவர்களின் படிப்பை. டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், இங்கே சென்னைப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் என்று பிரெஞ்சுத் துறைகளுக்குக் குறைவில்லை. பாடத்திட்டங்கள் இடத்துக்கு இடம் மாறினாலும் முன்னுரை ஏறக்குறைய ஒன்றுதான்: மாணவர் மொழியில் தேர்ச்சி பெறுவார், இலக்கியத்தை அறிவார், பண்பாட்டைப் புரிந்துகொள்வார். மூன்று வாக்குறுதிகள். ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் சோதிக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இதை இன்னும் நன்றாகப் பெற முடியுமா? முடியாதென்றால், பல்கலைக்கழகம் அதை உண்மையிலேயே தருகிறதா?

மொழியில் தொடங்குவோம், இதில் முடிவு விரைவில் தெரிந்துவிடும். பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் வழங்கும் டெல்ஃப், டால்ஃப் சான்றிதழ்கள் 1985இல் வந்தன. ஏ1 முதல் பி2 வரை டெல்ஃப், அதற்கு மேல் சி1, சி2 இரண்டும் டால்ஃப். டெல்ஃபில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிற்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் ஏதாவது ஒன்றில் 5க்குக் கீழே இறங்கினால் மற்ற மூன்றிலும் வெளுத்து வாங்கியிருந்தாலும் தோல்விதான். வாயைத் திறக்காமல் இந்தத் தேர்வைத் தாண்ட முடியாது. நம் பட்டச் சான்றிதழில் அப்படிப்பட்ட எந்தத் தகவலும் இருக்காது. ‘முதல் வகுப்பு’ என்றிருக்கும். அந்த முதல் வகுப்புக்காரர் தொலைபேசியில் ஒரு பிரெஞ்சுக்காரரின் புகாரைக் கேட்டுப் பதில் சொல்வாரா என்பதற்கு அதில் விடை இல்லை. அதனால்தான் பிரெஞ்சு தெரிந்தவரை வேலைக்குத் தேடும் நிறுவனங்கள் விளம்பரத்திலேயே ‘பி2’ என்று போட்டுவிடுகின்றன. கனடாவுக்குக் குடிபெயர விண்ணப்பிப்பவர் பிரெஞ்சு முதுகலையே முடித்திருந்தாலும் மொழித்திறனுக்குச் சான்றாக டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா தேர்வுதான் எழுத வேண்டும். 2023 முதல் அந்நாடு பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனிச் சுற்றுகள் நடத்தி, மற்ற சுற்றுகளைவிடக் குறைந்த புள்ளிக்கே அழைப்பு அனுப்பத் தொடங்கியது. அதிலிருந்து பயிற்சி மையங்களில் கூட்டம் தாங்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் பக்கம் சொல்ல ஒன்று உண்டு. பி2 வரை போக 500 முதல் 650 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டிக்கொண்டே போக எல்லா வீட்டாலும் முடியாது. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் அதோடு ஒப்பிட்டால் சொற்பம். கிராமத்திலிருந்து வரும் பெண்ணுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ் மொழி மையத்தின் படியைவிடக் கல்லூரி வாசல்தான் அருகில் இருக்கும். இந்த நியாயத்தை ஒதுக்க முடியாது. ஆனால் இது பல்கலைக்கழகம் மலிவான மொழிப் பள்ளியாக இருக்கிறது என்பதற்கான நியாயம். பல்கலைக்கழகமாக இருக்கிறது என்பதற்கான நியாயமாகாது. மொழி மட்டும் வேண்டுமென்றால் மூன்றாண்டுப் பட்டம் சுற்றுவழி.

அடுத்தது இலக்கியம். பி2 சான்றிதழோடு ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே இடறுவார். காரணம், பிரெஞ்சில் ‘பாஸே சிம்ப்ள்’ என்றொரு இறந்தகாலம் உண்டு. எழுத்தில் மட்டும் வாழ்வது. இன்று யாரும் அதில் பேசுவதில்லை. நம் செய்யுள் வழக்கைப் பேச்சுத்தமிழ் வகுப்பில் யாரும் கற்றுக்கொடுக்காததைப் போல, பேசக் கற்றுத்தரும் பாடநூல்கள் அதைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுகின்றன. நாவலோ அதில்தான் நடந்தது. 1942இல் வெளிவந்த ‘அந்நியன்’ நாவலில் ஆல்பெர் காம்யு அந்த மரபான காலத்தை விட்டுவிட்டு, அன்றாடப் பேச்சுக்குரிய ‘பாஸே கம்போஸே’யில் கதையைச் சொன்னார். மறு ஆண்டே சார்த்தர் அந்த நாவல் பற்றிய கட்டுரையில் இந்த வினை வடிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசினார்: ஒவ்வொரு வாக்கியமும் தன்னந்தனித் தீவாக நிற்க அது எப்படி உதவுகிறது என்று. வெ. ஸ்ரீராமின் தமிழாக்கத்தில் அந்த நாவலைப் படித்து அதன் நாயகன் மெர்சோவின் ஒட்டாமையை உணர்ந்த வாசகர்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் எந்த வழக்கத்தை மீறியதால் அந்த ஒட்டாமை பிறந்தது என்பது மூலத்தில் மட்டுமே தெரியும். அதைத் தெரிந்துகொள்ள பேச்சு பிரெஞ்சு மட்டும் போதாது, நாவல் பிரெஞ்சு மட்டும் போதாது. இரண்டும் தெரிந்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி காதில் விழ வேண்டும்.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேறொரு இடம். 1857 ஜனவரி 29 அன்று பாரிஸில் குஸ்தாவ் ஃப்ளோபேர் மீதான வழக்கு விசாரணைக்கு வந்தது. அவருடைய ‘மதாம் பொவாரி’ முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் ‘ரெவ்யு த பாரி’ இதழில் தொடராக வெளிவந்திருந்தது. பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் எதிரானது என்பது குற்றச்சாட்டு. அரசுத் தரப்பில் வாதாடியவர் எர்னஸ்த் பினார். அவர் எடுத்துக்காட்டிய பகுதிகளில் ஒன்று, நாயகி எம்மா முதன்முறை கணவனுக்குத் தெரியாமல் வேறொருவனோடு கூடிவிட்டு வீடு திரும்பிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் இடம். தனக்கும் ஒரு காதலன் வாய்த்துவிட்டான் என்ற கிறக்கத்தில் அவள் இருக்கிறாள். இனி வரப்போகும் இன்பங்களைச் சொல்லும் வாக்கியங்கள் தொடர்கின்றன. ‘என்று நினைத்தாள்’ கிடையாது. மேற்கோள் குறி கிடையாது. படர்க்கையில், ‘ஆம்பர்ஃபே’ என்னும் தொடர் இறந்தகாலத்தில், கதைசொல்லி பேசும் அதே குரலில் அவை போகின்றன. பினார் அவற்றை ஆசிரியரின் கூற்றாகவே படித்தார். கள்ள உறவுக்கு இவர் துதி பாடுகிறார். அவளைக் கண்டிக்க இந்த நாவலில் ஒரு பாத்திரம்கூட இல்லை என்பது அவர் வாதம். பிப்ரவரி 7 அன்று நீதிமன்றம் கண்டிப்பு வார்த்தைகளோடு ஃப்ளோபேரை விடுவித்தது.

பினார் முட்டாள் இல்லை. கதைசொல்லி வந்து இது நல்லது, இது கெட்டது என்று தராசு பிடிப்பார் என்று எதிர்பார்த்துப் பழகிய வாசகர் அவர். அந்தத் தராசை ஃப்ளோபேர் கீழே வைத்துவிட்டார். எம்மாவின் மனதுக்கும் ஆசிரியரின் குரலுக்கும் நடுவிலிருந்த வேலியை ஒரு வினை வடிவத்தால் பிடுங்கினார். அந்த உத்திக்கு ஒரு பெயர்கூட அன்று இல்லை; ஷார்ல் பாயி என்ற மொழியியலாளர் அதற்குப் பெயர் வைத்தது 1912இல். அதே பினார்தான் அதே 1857 ஆகஸ்டில் போத்லேரின் ‘தீமையின் மலர்கள்’ தொகுப்பையும் கூண்டில் ஏற்றினார். அந்த முறை அரசு வென்றது: 300 ஃபிராங்க் அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை. தடை சட்டப்படி நீங்கியது 1949இல்.

இந்த ஒரு பத்தியைச் சரியாகப் படிக்க இலக்கணம் வேண்டும், நாவல் அதுவரை எப்படிப் பேசிவந்தது என்ற வரலாறு வேண்டும், இரண்டாம் பேரரசின் தணிக்கைச் சட்டமும் கத்தோலிக்க நடுத்தர வர்க்கத்தின் ஒழுக்க அச்சமும் வேண்டும். மூன்று வாக்குறுதிகளும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. இதைச் சான்றிதழ்ப் பயிற்சி மையம் அவிழ்க்காது. அது அதன் வேலையும் இல்லை. மொழிபெயர்ப்பில் படிக்கும் தனி வாசகருக்கும் கடினம். ‘என்று’ இல்லாமல் பிறர் மனதைச் சொல்வது தமிழுக்கு எளிதில்லை என்பதால், மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் யாருடைய குரல் என்று தானே முடிவுகட்டிவிடும் வாய்ப்பு அதிகம். ஆக, முதல் கேள்விக்குப் பதில் தெளிவு. இது பல்கலைக்கழக வகுப்பறையில் நிதானமாக, ஆசிரியரோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. பிரெஞ்சுப் பட்டம் என்ற ஒன்று இருப்பதற்கு இதைவிட வலுவான நியாயத்தை நான் காணவில்லை.

இரண்டாம் கேள்வியில்தான் துறைகள் சறுக்குகின்றன. இலக்கியத் தாள் பெரும்பாலும் நூற்றாண்டு அணிவகுப்பாக இருக்கிறது: இடைக்காலம், பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று வரிசையாக. இந்த அமைப்பு பிரெஞ்சுப் பள்ளிகளிலிருந்து வந்தது. அங்கே லகார்தும் மிஷாரும் சேர்ந்து 1948 முதல் 1962 வரை நூற்றாண்டுக்கு ஒரு தொகுதி என்ற கணக்கில் வெளியிட்ட பாடநூல் வரிசை பல தலைமுறைகளை வளர்த்தது. ஆசிரியர் குறிப்பு, ஒரு பகுதி, கீழே கேள்விகள் என்பது அதன் முறை. பிரெஞ்சு தாய்மொழியாக உள்ள மாணவருக்கு அது நுழைவாயில். வாயிலைத் தாண்டி முழு நூலுக்குப் போக அவருக்கு மொழி இடைஞ்சல் இல்லை. முதல் செமஸ்டரில் தன் பெயரைச் சொல்லப் பழகிவிட்டு, இரண்டாம் ஆண்டில் ராசீனின் ‘ஃபெத்ர்’ நாடகத்தை எதிர்கொள்ளும் நம் மாணவருக்கு அதுவே முழு வீடாகிவிடுகிறது. பன்னிரண்டு அசைச் செய்யுள் அவருக்குப் பிடிபடாது, பிடிபட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. எனவே நோட்ஸ் வரும். நோட்ஸில் ‘ராசீனின் நாடகங்களில் விதி’ என்று இரண்டு பக்கம் இருக்கும். அதை மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் வரும். ஆக, எந்த பிளஸ் டூ பழக்கத்தைப் பட்டப்படிப்பு உடைக்க வேண்டுமோ, அதையே ரோஜா இதழ் ஒட்டிய அட்டையோடு திருப்பிக் கொடுக்கிறது.

வரலாற்றுப் பார்வை இல்லாமல் தனி நூல்களை மட்டும் படித்தால் திசை தெரியாது என்று அணிவகுப்புக்கு ஆதரவாகச் சொல்வார்கள். ஓரளவு சரி. ஆனால் அதை ஒரே தாளில் முடித்துவிடலாம். எட்டு நூற்றாண்டுகளை ஆறு தாள்களுக்கு இழுத்துவிட்டு ஒரு நாவலைக்கூட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்காமல் பட்டம் கொடுப்பதை அந்த வாதம் காப்பாற்றாது. பிரான்சிலேயே இந்த இலக்கிய வரலாற்று முறை மீது பெரிய சண்டை நடந்திருக்கிறது. விமர்சகர் ரொலான் பார்த் 1963இல் ராசீன் பற்றி எழுதிய நூலை சொர்போன் பேராசிரியர் ரெமோன் பிகார் 1965இல் கிழித்துப் போட்டார், பார்த் 1966இல் பதிலடி கொடுத்தார். இந்தச் சண்டையும் நம் நோட்ஸில் ஐந்து மதிப்பெண் வினாவாக வருவதுண்டு என்பதுதான் வேடிக்கை.

இனி பண்பாடு. ‘சிவிலிசாசியோன்’ என்ற பெயரில் நடக்கும் தாளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பாலாடைக்கட்டி வகைகள், ஜூலை 14, பதினான்காம் லூயி, குடியரசுத் தலைவரின் பதவிக்காலம். இவற்றை எவரும் ஒரு வாரத்தில் கைபேசியில் படித்துக்கொள்ளலாம். முதல் கேள்வியிலேயே இந்தத் தாள் விழுந்துவிடுகிறது.

விழாமல் நிற்கக்கூடிய பண்பாட்டுத் தாள் ஒன்றை எழுத முடியும், அதற்கான சரக்கு நம் வாசலிலேயே கிடக்கிறது. 1873இல் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்பது அன்றைய வழக்கம். தண்டிக்கப்பட்டவர் பாரிஸின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்வரை போய் வென்றார். 1881இல் ஓர் ஆணை வந்தது: தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பவர் குடும்பப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டு முழுக் குடியுரிமைக்கு உரியவராகலாம். பொன்னுத்தம்பி ‘லபோர்த்’ ஆனார். இன்றைக்கும் புதுச்சேரித் தெருக்களில் ‘சொல்தா’ என்று அழைக்கப்படும் ஓய்வுபெற்ற படைவீரர் குடும்பங்கள் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குவதன் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது. சமத்துவம் என்று புரட்சி எழுதிவைத்த வாசகம் காலனியில் எந்த விலைக்குக் கிடைத்தது என்று கேட்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கே? குவாதலூப் தீவில் ஆன்ரி சிதம்பரம் அங்கே பிறந்த இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமைக்காக 1904இல் தொடங்கிய நீண்ட வழக்கும் இதன் மறுபாதி. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் வாரிசுகளுக்காக பிரெஞ்சுச் சட்டத்தின் மொழியில் நடத்தப்பட்ட போராட்டம் அது. இந்த ஆவணங்களைப் படிக்கக்கூடிய பிரெஞ்சு, அவற்றின் பின்னாலிருக்கும் சமூகம் புரியக்கூடிய தமிழ், இரண்டும் கைவசமுள்ள மாணவர் பாரிஸில் கிடைப்பது அரிது. சென்னையிலும் புதுச்சேரியிலும் கிடைப்பார்.

இலக்கியத்திலும் இதே கதை. பிரெஞ்சு மொழி பேசுவோர் உலகில் சுமார் 32 கோடிப் பேர் என்பது பிரான்கோஃபோனி அமைப்பின் 2022 கணக்கு, பெரும்பகுதியினர் ஆப்பிரிக்காவில். கோன்கூர் பரிசு 2021இல் செனகலின் மொஹமெத் ம்புகார் சாருக்கும் 2024இல் அல்ஜீரியாவில் பிறந்த காமெல் தாவூதுக்கும் போனது. அந்தத் தாவூத்தான் காம்யுவின் நாவலில் பெயரே இல்லாமல் சுடப்பட்டுச் செத்த அரபு இளைஞனுக்கு மூசா என்று பெயர் கொடுத்து, அவன் தம்பியின் வாயால் கதையைத் திருப்பிச் சொன்னவர். இரண்டு நாவல்களும் சேர்ந்து 300 பக்கத்தைச் சுற்றித்தான் வரும். ஒரு செமஸ்டருக்கு இந்த இரண்டு நூல்கள் போதும். இலக்கணம், வடிவம், காலனி வரலாறு மூன்றும் அவற்றுக்குள்ளேயே இருக்கின்றன. நம் பாடத்திட்டங்களில் பிரான்கோஃபோன் எழுத்துக்கு இடமில்லை என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் உண்டு. ஆனால் கடைசி செமஸ்டரில் விருப்பப் பாடமாக, விருந்து முடிந்தபின் வைக்கும் வெற்றிலையாக.

இன்னொரு எடைக்கல்லையும் தராசில் போட்டாக வேண்டும். பிரான்சுவா குரோ பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வந்து தமிழ் படித்தார். 1968இல் பரிபாடலையும் 1992இல் திருக்குறளின் காமத்துப்பாலையும் பிரெஞ்சில் தந்தார். ஒரு அயல் இலக்கியத்தைப் பல்கலைக்கழக ஒழுங்கோடு படித்தவர் தன் மொழிக்கு எதையாவது கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்பது அங்கே எழுதப்படாத விதி. இங்கே பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு நல்ல மொழிபெயர்ப்புகள் வந்திருக்கின்றன, இன்னும் வருகின்றன. ஆனால் அவை தனிமனிதர்களின் பித்தால் வந்தவை. துறையின் பயிற்சி முறை அவர்களை உருவாக்கியது என்று சொல்லிக்கொள்ள ஆதாரம் போதாது. மொழிபெயர்ப்புத் தாள் இருக்கிறது. அது பெரும்பாலும் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே நடக்கிறது. தமிழ்நாட்டில் தமிழ் பேசும் மாணவர்கள் தமிழ் பேசும் ஆசிரியரிடம் படிக்கும் வகுப்பில் தமிழுக்கு நாற்காலி இல்லை. பிரெஞ்சு எதற்கு, அந்த நேரத்தில் மலையாளமோ கன்னடமோ படிக்கலாமே என்று கேட்பவருக்குத் துறைகளால் பதில் சொல்ல முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

என் தீர்ப்பு இது. மொழிக்காகப் பிரெஞ்சுப் பட்டம் படிப்பது தவறான முதலீடு. அரசுக் கல்லூரிக் கட்டணம் மட்டுமே கைக்கு எட்டும் என்றால் மட்டும் அதற்கு நியாயம் உண்டு, அப்போதும் கூடவே டெல்ஃப் எழுதியாக வேண்டும். பண்பாட்டுக்காகப் படிப்பது இன்றைய பாடத்திட்டத்தில் வீண். இலக்கியத்துக்காகப் படிப்பது சரியான காரணம், ஆனால் ஏ1லிருந்து தொடங்கும் மூன்றாண்டு இளங்கலையில் அது நடக்காது. முதல் இரண்டு ஆண்டுகள் மொழி மட்டும், மூன்றாம் ஆண்டில் இரண்டோ மூன்றோ முழு நூல்கள், முதுகலையில் வரலாறும் கோட்பாடும் தமிழாக்கமும் என்று அமைத்தால் பட்டம் தன் எடைக்கு நிற்கும். பிரிட்டனில் மொழிப் பட்டத்தை நான்காண்டாக்கி ஓராண்டை அந்த மொழி பேசும் நாட்டில் கழிக்க வைப்பது இந்தச் சிக்கலைத் தெரிந்துகொண்டுதான். நமக்கு அந்த வசதி இல்லை. பிரெஞ்சுப் பள்ளிகளில் சில மாதங்கள் ஆங்கில மொழி உதவியாளராகப் போகும் திட்டம் இந்திய மாணவர்களுக்கும் திறந்திருக்கிறது. துறைகள் அதை முதலாண்டிலேயே மாணவர் காதில் போட வேண்டும்.

இன்றைக்கு ஒரு துறையில் சேரலாமா என்று யோசிப்பவர் அதன் கையேட்டைப் புரட்ட வேண்டாம். பழைய இலக்கியத் தேர்வுத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கட்டும். ‘ஃப்ளோபேரின் யதார்த்தவாதம் பற்றிக் கட்டுரை வரைக’ என்றிருந்தால் அந்தப் பணத்தை டெல்ஃபுக்குக் கட்டலாம். பத்து வரி பிரெஞ்சு அச்சாகி, இதில் பேசுவது யார் என்று கீழே கேட்டிருந்தால் தயங்காமல் சேரலாம்.